பெட்டியைத் தலையில் சுமந்த செவிலியர்

தென்னாப்பிரிக்காவின் சிசுலு குடும்பம் என்றதும் நெல்சன் மண்டேலாவுடன் சிறையிருந்த வால்டர் சிசுலுவே முதலில் நினைவுக்கு வருகிறார். அந்தக் குடும்பத்தின் அடுப்பை எரியவைத்தது அவர் மனைவி அல்பர்டினாவின் செவிலியர் சம்பளம் என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

1918-இல் அந்நாட்டின் டிரான்ஸ்கே பகுதியில் பிறந்த அவர், 1940-இல் ஜோகன்னஸ்பர்க்கில் செவிலியர் பயிற்சியில் சேர்ந்து, பின்னர் பேறுகாலப் பயிற்சியும் முடித்தார். வாகன வசதி இல்லாத அக்காலத்தில், கருவிகள் அடங்கிய பெட்டியைத் தலையில் சுமந்தபடி, அந்நகரையொட்டிய கறுப்பின மக்களின் குடியிருப்பான சொவேட்டோவின் தெருக்களில் நடந்தே சென்று, வீடு வீடாகப் பிரசவம் பார்த்தார். அந்தப் பெட்டியின் கனத்தைப் பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

1964-இல் வால்டர் ஆயுள் தண்டனை பெற்றுச் சென்றபின், 1989 அக்டோபரில் விடுதலையாகி வரும்வரை, தம் ஐந்து பிள்ளைகளையும் உறவினர் பிள்ளைகளையும் அல்பர்டினாவே வளர்த்தார். நிறவெறி அரசு அவர்மீது விதித்த தடையாணைகளும் வீட்டுக்காவலும் தொடர்ந்த ஆண்டுகளிலும் செவிலியர் பணியை விடவில்லை. 1989 ஜனவரியில், அவர் உடன் பணியாற்றிய மருத்துவர் அபூபக்கர் அஸ்வத் தம் கிளினிக்கிலேயே சுட்டுக் கொல்லப்பட்டபோது, அல்பர்டினாவும் அங்கேதான் பணியிலிருந்தார். ஒரு மகனைப் போல அவர் நேசித்தவரின் மரணம் அது.

பிற்காலத்தில் மகன் மேக்ஸ் நாடாளுமன்ற அவைத்தலைவரானார், மகள் லிண்டிவே அமைச்சரானார். 1994-இல் புதிய நாடாளுமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்த அல்பர்டினா, எழுந்து நின்று, குடியரசுத் தலைவர் பதவிக்கு மண்டேலாவின் பெயரை முன்மொழிந்தார்.