கெட்ட வார்த்தைக்குக் கோபப்படலாமா?

கால் விரலைக் கட்டில் காலில் இடித்துக்கொண்டவர் வாயிலிருந்து வருவதைக் கேட்டு முகம் சுளிப்பவர்களை எனக்குப் புரிவதேயில்லை. அவர் யாரையும் திட்டவில்லை. வலிக்கிறது, கத்துகிறார், அவ்வளவுதான்.

2009இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீஃபன்ஸ் குழுவினர் மாணவர்களை ஐஸ் தண்ணீரில் கையை வைக்கச் சொன்னார்கள். சாதாரண வார்த்தை சொன்னபோது தாங்கியதைவிட, கெட்ட வார்த்தை சொன்னபோது சராசரியாக அதிக நேரம் தாங்கினார்கள். அப்புறம் 2011இல் வந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: தினமும் வாய் நிறையத் திட்டுபவர்களுக்கு இந்தப் பலன் குறைவு. (எடுத்ததற்கெல்லாம் திட்டும் நண்பர்கள் கவனிக்கவும்.) பக்கவாதத்தில் பேச்சை இழந்த சிலருக்கு, ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்ல வராதபோதும் வசவு மட்டும் பளிச்சென்று வருமாம்.

சரி, ஒரு ஆளைப் பார்த்துச் சொன்னால்? அங்கேதான் சிக்கல். சண்டை போடுவது இரண்டு ஆண்கள். இழுபடுவது வீட்டில் சும்மா இருக்கும் அம்மாவும் அக்காவும். அவர்கள் என்ன செய்தார்கள்? அது இல்லாவிட்டால் சாதி, நிறம், உடல் குறை. இதற்கெல்லாம் புண்படுபவரிடம் "வெறும் வார்த்தைதானே, விடுங்க" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். ஒரு கெட்ட வார்த்தைகூட வராது. 'வாங்க, போங்க' என்று மரியாதையாகவே பேசி எதிரில் இருப்பவரைக் கூனிக்குறுக வைத்துவிடுவார்கள். அவர்களிடம் போய் யாரும் நாக்கை அடக்கச் சொல்வதில்லை. கோபத்தில் ஒரு வசவை விட்டுவிட்டு அடுத்த நிமிடமே அதை மறந்துபோகிற ஆள் எனக்கு எவ்வளவோ தேவலை.