வேலியோரத்து மருந்துகள்

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரங்களில் சுற்றியவர்களுக்குக் கிளுவை என்ற முள்மரத்தை நெருக்கி வளர்க்கும் வேலியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மழை குறைந்த, சரளை கலந்த மேட்டுநிலங்களை அங்கே கொரங்காடு என்பார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரங்களும் இருக்க, நான்கு புறமும் கிளுவை நெருங்கி நின்று காக்கும். வாசலில் உள்ள படலைச் சாத்திவிட்டால் மாடுகளையும் செம்மறிகளையும் பகல் முழுவதும் ஆளில்லாமல் மேயவிடலாம். இயற்கை வைத்தியம், சூழலுக்கு இணங்கிய வாழ்க்கை என்று இன்று இவ்வளவு பேசுகிறோம். அந்தப் பேச்சில் இந்த வேலிக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்ற குறை எனக்கு உண்டு. மூலிகை என்றதும் பொடி அடைத்த டப்பாதான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பொடிகளில் பல, வேலியைக் கழித்துவிடும்போது காலடியில் விழுந்துகொண்டிருந்த தழைகள்தாம்.

கிளுவையை விதைத்து வளர்ப்பதில்லை. மழையை ஒட்டிப் போத்துகளை, அதாவது கிளைத்துண்டுகளை, வெட்டி வரிசையாக ஊன்றுவார்கள். வேர் பிடித்தபின் அது உரமோ நீரோ கேட்பதில்லை. கோடையில் இலையைக் கொட்டிவிட்டு வெறும் முள்ளாக நின்றாலும் ஆடு நுழைய முடியாது. ஆள் செய்தது அவ்வளவுதான். மற்றதைப் பறவைகள் செய்தன. கோவைப் பழத்தையும் தூதுவளைப் பழத்தையும் தின்றுவிட்டுக் கிளையில் அமரும் கொண்டைக்குருவிகள் விதையை அங்கேயே போட, கொடிகள் கிளுவையைப் பிடித்து ஏறின. பிரண்டை ஒரு துண்டு விழுந்த இடத்திலேயே வேர் விட்டது. முடக்கத்தானும் வேலிப்பருத்தியும் அழையாமலே வந்தன. கிணற்றடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் மட்டும் ஆடாதோடையையும் நொச்சியையும் வேண்டுமென்றே வைத்தார்கள். இரண்டையும் கால்நடைகள் கடிப்பதில்லை. பழந்தமிழ் மரபில் மதில் காக்கும் வீரர்கள் சூடிய பூ நொச்சி. காவலுக்கு அதைத் தேர்ந்தவர்கள் செடியின் குணத்தை நன்றாக அறிந்திருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இவற்றுள் எனக்கு மிகுந்த மதிப்பு ஆடாதோடை மீதுதான். இருமலுக்கும் சளிக்கும் அதன் இலையைக் கஷாயமாக்கிக் கொடுக்கும் வழக்கம் மிகப் பழையது. இலையில் இருக்கும் வாசிசின் என்ற சேர்மத்தை முன்மாதிரியாகக் கொண்டே ப்ரோம்ஹெக்சின் என்ற மருந்தை வேதியியலாளர்கள் உருவாக்கினார்கள். அது உடலில் மாற்றமடைந்து உண்டாகும் ஒரு பொருளே அம்ப்ராக்சால். சளியை இளக்குவதற்காக மருந்துக்கடையில் நாம் வாங்கும் சிரப்புகள் பலவற்றின் முகப்பில் இந்தப் பெயர்களைப் பார்க்கலாம். ஆகவே, பாட்டி வைத்தியமும் ஆங்கில மருத்துவமும் எதிரெதிர்க் கட்சிகள் என்பதுபோல் நடக்கும் வாதங்களில் எனக்கு ஈடுபாடு இல்லை. ஆனால் இதே வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்பும் உடையது. கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடைக் கஷாயம் கொடுக்கக் கூடாது என்பதை, அதன் பெருமையைச் சொல்லும் ஒவ்வொருவரும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காத இருமல் என்றால் வேலிப்பக்கம் போகாமல் சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். காசநோயைக் கஷாயத்தால் மறைத்துக்கொண்டிருப்பது வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் ஆபத்து.

பிரண்டையைப் பொறுத்தவரை, அதை மருந்து என்பதைவிட உணவு என்பதே சரி. அதன் தண்டில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இருப்பதால் கை அரிக்கும், சரியாக வேகாவிட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, இளந்தண்டாகப் பார்த்துக் கணுவையும் நாரையும் நீக்கி, பச்சை நிறம் மங்கும்வரை எண்ணெயில் வதக்கி, புளி, உளுந்து, மிளகாய் சேர்த்து அரைத்தால் துவையல். பசி மந்தப்பட்ட நாட்களில் அந்தத் துவையலும் சுடுசோறும் செய்யும் வேலையை நான் எந்த டானிக்கிலும் கண்டதில்லை. முறிந்த எலும்பைக் கூட்டும் என்று சொல்லிப் பிரண்டை மாத்திரை விற்கிறார்கள். முறிந்த எலும்புக்கு முதலில் வேண்டியது எக்ஸ்ரேயும் கட்டும். தூதுவளையை முள் நீக்கி ரசத்திலும், முடக்கத்தானை மாவோடு அரைத்துத் தோசையிலும் சேர்க்கலாம். நொச்சித் தழையைப் போட்டு வேது (ஆவி) பிடிக்கும்போது, கொதிக்கும் பாத்திரத்தைச் சிறு குழந்தையின் அருகே வைக்கவே கூடாது. சளியைவிடச் சுடுநீர்க் காயம் பெரிய துன்பம்.

இயற்கையானது கெடுதல் செய்யாது என்று நம்புகிறவர்களை அதே வேலியின் மறுபக்கத்துக்கு அழைத்துப் போக வேண்டும். பிரண்டை படர்ந்த இடத்தில்தான் குன்றிமணியும் படர்கிறது. பொற்கொல்லர்கள் எடைக்கு வைத்திருந்த அந்தச் சிவப்பு விதைக்குள் அப்ரின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. விதையை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மழைக்காலத்தில் அங்கே பூக்கும் செங்காந்தள் நம் மாநில மலர். எங்கள் பக்கம் அதைக் கண்வலிக்கிழங்கு என்பார்கள். கிழங்கும் விதையும் கோல்சிசின் நிறைந்தவை. மூலனூர், தாராபுரம் பகுதிகளில் அதைத் தோட்டப்பயிராகவே விதைக்காகச் சாகுபடி செய்கிறார்கள், ஏனெனில் கௌட் என்னும் மூட்டுவாதத்துக்கு மருத்துவர்கள் கொடுக்கும் மருந்து அதிலிருந்து கிடைக்கிறது. அளவு சிறிது கூடினாலும் அந்த மருந்தே நஞ்சாகும். எந்தச் செடி, எந்தப் பகுதி, எவ்வளவு, யாருக்கு என்ற நான்கையும் கேட்காமல் இலையைப் பறிப்பவரை நான் மூலிகை அறிந்தவர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உயிர்வேலிகள் ஏன் போயின என்பதற்குக் காரணம் தேடிப் போக வேண்டியதில்லை. சதுரமான ஒரு ஏக்கர் நிலத்தின் சுற்றளவு ஏறத்தாழ 835 அடி. நான்கடி அகலத்தில் உள்ளேயே வேலி வைத்தால் சுமார் ஏழரை சென்ட் நிலம் அதற்கே போய்விடும். பாகப்பிரிவினையில் நிலம் சுருங்கச் சுருங்க இந்த இழப்பு விகிதமும் கூடும். ஆண்டுதோறும் கழித்துவிட ஆள் கிடைப்பதில்லை. பாம்பு அடையும் என்ற பயம் வேறு. கல்கால் நட்டுக் கம்பி கட்டினால் ஒரே வாரத்தில் வேலை முடிகிறது. இந்தக் கணக்கைப் பார்த்து முடிவெடுத்த விவசாயியைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கணக்கின் மறுபக்கத்தையும் எழுதி வைக்க வேண்டும். கம்பி துருப்பிடிக்கும், கிளுவை தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். சிமென்ட் தூண் என்றால், உலகக் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியால் வருவது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேலி காற்றைத் தடுக்கும், மண்ணைப் பிடித்து நிறுத்தும், ஓணானுக்கும் கீரிக்கும் தேனீக்கும் இடம் கொடுக்கும். அந்த ஓணான் நம் பயிரில் விழும் புழுவைத் தின்னும். இவற்றுக்கெல்லாம் பட்டாவில் மதிப்பு எழுதப்படுவதில்லை.

ஏக்கர் கணக்கில் நிலம் இல்லாதவர்களும் இதில் கொஞ்சம் செய்யலாம். நகரத்தில் இப்போது நான் குடியிருக்கும் வீட்டின் பக்கச் சுவரோரம் ஒரு வரிசை ஆடாதோடையும், மூலையில் ஒரு நொச்சியும், கம்பிக் கதவை ஒட்டி ஒரு தொட்டியில் பிரண்டையும் இருக்கின்றன. குளியலறைத் தண்ணீரின் ஒரு பகுதி நொச்சிக்குப் போகிறது. நொச்சிச் செடி வாசலில் நின்றாலே கொசு வராது என்று ஒரு நம்பிக்கை உண்டு. என் வீட்டில் செடியும் இருக்கிறது, கொசுவும் இருக்கிறது. உலர்ந்த தழையைத் தணலில் போட்டுப் புகைத்தால் சற்று நேரம் விலகுகிறது, அவ்வளவுதான். கழித்த தழையை வெளியே கொட்டுவதில்லை. மரத்தடியில் மூடாக்காகப் போடுகிறேன்.

ஆடாதோடையும் நொச்சியும் போத்திலேயே வரும். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஊர்ப்பக்கம் யாராவது வேலி கழிக்கும்போது கேட்டால் தருவார்கள். விரல் பருமனில் முற்றிய குச்சிகளாகப் பார்த்து, மூன்று நான்கு கணு இருக்கும்படி வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்குமாறு மழைக்காலத் தொடக்கத்தில் ஊன்றலாம். பிரண்டைத் துண்டை மட்டும் ஓரிரு நாள் நிழலில் காயவிட்டு நட வேண்டும், ஈரத்தோடு புதைத்தால் அழுகும். பூ அழகாக இருக்கிறதென்று இந்த வரிசையில் மஞ்சள் அரளியைச் சேர்த்துவிடாதீர்கள். அதன் விதை இதயத்தை நிறுத்தக் கூடியது, அதிலும் குழந்தைகள் விளையாடும் வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.