சின்ன கப்புல 15 மில்லி

ஒரு மதுபானக் கம்பெனிக்கு ப்ரமோட்டரா ரெண்டரை வருஷம் நின்னேன். நின்னேன்னு தான் சொல்லணும், ஏன்னா அந்த வேலைல முக்கால்வாசி நிக்கிறது தான். பெரிய சூப்பர்மார்க்கெட், அதுல லிக்கர் செக்ஷன், அதுக்குள்ள இடுப்பு உயரத்துக்கு ஒரு மடக்கு டேபிள், மேல கம்பெனி பேர் போட்ட துணி, நாலு பாட்டில், ட்ரே நிறைய சின்னச் சின்ன பிளாஸ்டிக் கப். வர்றவங்கள நிறுத்தி டேஸ்ட் பண்ண வைக்கிறது, வேற பிராண்ட் பக்கம் போற கைய நம்ம பக்கம் திருப்புறது, அவ்ளோ தான் வேலைன்னு இன்டர்வியூல சொன்னாங்க. நான் குடிக்க மாட்டேனே மேடம்னு தயங்கித் தயங்கி சொன்னதுக்கு, "அது ரொம்ப நல்லதும்மா, குடிக்கிறவங்க தான் இங்க ரொம்ப நாள் தாங்க மாட்டாங்க"ன்னு சிரிச்சாங்க. அது ஜோக் இல்லன்னு ஒரு மாசம் கழிச்சு தான் புரிஞ்சது, பக்கத்து டேபிள் பையன் சாம்பிள் பாட்டில்ல தண்ணி கலந்து மாட்டிக்கிட்டப்போ.

ட்ரெய்னிங் ரெண்டு நாள். குடிக்காதவளுக்கு என்ன ட்ரெய்னிங்னு நெனச்சேன், ஆனா மூக்கு போதும்னு சொல்லிட்டாரு சொல்லிக்குடுத்தவர். விஸ்கிய மோந்து பாக்கும்போது வாய லேசா தொறந்து வச்சுக்கணும், இல்லன்னா ஆல்கஹால் நேரா மூக்குல ஏறி எரியும், வேற ஒண்ணுமே தெரியாது. கிளாஸ்ல ரெண்டு சொட்டு தண்ணி விட்டா வாசனை மாறும். ஒயிட் ஒயின நல்லா குளிர வைக்கணும், ரெட்ட அவ்ளோ குளிர வச்சா துவர்ப்பு தான் முன்னாடி வந்து நிக்கும். நாக்குல வச்சுட்டு துப்பிடலாம், அதுக்குன்னே ஒரு பக்கெட் இருக்கு, அந்தத் தொழில்ல பெரிய பெரிய ஆளுங்களே துப்பத் தான் செய்யறாங்கன்னாரு. துப்புறதுக்குன்னு மரியாதையா ஒரு பக்கெட் இருக்கிற தொழில நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல.

முதல் வாரம் பூரா நான் பேசுனது எல்லாம் மனப்பாடம். வெனிலா, தேன், ஓக் மரம், புகைன்னு ஒப்பிப்பேன், கஸ்டமர் என்னைய பாவமா பாத்துட்டு போயிருவாரு. ஒருத்தர் கூட வாங்கல. அப்புறம் எதிர் டேபிள்ல போட்டி கம்பெனிக்கு நிக்கிற அக்கா, இந்த வேலைல பழம் தின்னு கொட்ட போட்டவங்க, சாப்பாட்டு நேரத்துல கூப்டு சொன்னாங்க: "நீ பாட்டிலப் பத்தி பேசாதடி, யாருக்குன்னு கேளு, வீட்டுக்கா, யாருக்காவது குடுக்கவான்னு மட்டும் கேளு". போட்டி கம்பெனிக்காரி எனக்கு ஏன் இத சொல்லணும்? ஆனா சொன்னாங்க. அடுத்த நாள்ல இருந்து அந்த ஒரு கேள்வி தான். யாருக்காவது குடுக்கன்னு சொன்னா அவங்க பெட்டிய தான் பாக்கறாங்க, உள்ள இருக்கிறத இல்ல, சும்மா பெட்டியோட இருக்கிறத எடுத்துக் குடுத்தா போதும். தனக்குன்னு சொல்றவருக்கு தான் கப்பு. ரெண்டு பேருக்கும் ஒரே பேச்ச பேசுனது தான் என் முதல் வார தப்பு.

அந்த அக்காவும் நானும் கம்பெனி கணக்குப்படி எதிரிங்க. அவங்க பாத்ரூம் போனா அவங்க டேபிள நான் பாத்துக்குவேன், நான் போனா அவங்க. ஆனா அவங்க திரும்பி வர்றதுக்குள்ள ஷெல்ஃப்ல அவங்க பாட்டில ஒரு வரிச உள்ள தள்ளி என்னோடத முன்னாடி இழுத்து வச்சிருப்பேன், அவங்களும் அதையே தான் செய்வாங்க, ரெண்டு பேரும் கண்டுக்கவே மாட்டோம். கண்ணுக்கு நேரா இருக்கிற தட்டு யாருக்குங்கறது தான் அந்தக் கடைல நடக்கிற உண்மையான சண்டை. கீழ் தட்டுல இருக்கிற சரக்கு எவ்ளோ நல்லதா இருந்தாலும் அதுக்கு குனியணும், குனியறதுக்கு யாருக்கும் மனசு வராது.

எனக்கு முதலாளி யாருன்னு கடைசி வரைக்கும் சரியா தெரியல. சம்பளம் போடறது ஏஜென்சி, டார்கெட் குடுக்கிறது கம்பெனி, எங்க நிக்கணும் எப்ப உக்காரலாம்னு சொல்றது கடை மேனேஜர். உக்காரவே கூடாதுங்கறது தான் அதுக்கு பதில். கடை ஆளுங்களுக்கு நான் வெளி ஆள், ஆனா தண்ணி பாட்டில் லோடு வந்தா மட்டும் "கொஞ்சம் கை குடும்மா"ம்பாங்க. எட்டு மணி நேரம் நின்னு நின்னு, வெள்ளி சனி சாயங்காலம் கால் வீங்கி ஷூவ கழட்டவே பத்து நிமிஷம் ஆகும். பொண்ணு நிக்கிறதுனாலயே கப்ப வாங்கிட்டு கால் மணி நேரம் கதை பேசிட்டு ஒண்ணும் வாங்காம போற ஆளுங்களும் உண்டு, அவங்களப் பத்தி எழுத ஒண்ணும் இல்ல, எல்லாரும் ஒரே மாதிரி.

விஷயம் தெரிஞ்ச மாதிரி பேசறவங்க தான் சுவாரஸ்யம். ஒரு பெரியவர் வருவாரு, வீட்ல ஒரு 12 வருஷத்து ஸ்காட்ச் பாட்டில எட்டு வருஷமா தொறக்காம வச்சிருக்கேன், இப்ப அது 20 வருஷம் ஆயிடுச்சுல்லன்னு பெருமையா கேட்டாரு. எப்படி சொல்றது. விஸ்கிக்கு வயசு ஏறுறது மரப் பீப்பாய்ல இருக்கிற வரைக்கும் தான், கண்ணாடிக்குள்ள வந்துட்டா அதோட வயசு நின்னு போயிடும், ஸ்காட்ச்னு பேர் வைக்கணும்னாலே குறைஞ்சது 3 வருஷம் ஸ்காட்லாந்துலயே ஓக் பீப்பாய்ல கிடக்கணும், லேபிள்ல 12ன்னு போட்டா உள்ள கலந்திருக்கிறதுலயே சின்ன வயசு விஸ்கிக்கு 12னு அர்த்தம். பீப்பாய்ல கிடக்கும்போது வருஷத்துக்கு சுமாரா 2 சதவீதம் காத்துல ஆவியா போயிடுது, அத தேவதைங்களோட பங்குன்னு சொல்லுவாங்கன்னும் சேத்து சொன்னேன். பெரியவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்போ நான் மட்டும் தான் எட்டு வருஷம் ஏறியிருக்கேன்"ன்னாரு. அன்னிக்கு அவர் எதுவும் வாங்கல, ஆனா அடுத்த மாசத்துல இருந்து வந்தா என்கிட்ட தான் கேப்பாரு.

ஒரு தடவ எங்க பச்சை பாட்டில் பீர அழகா கோபுரம் மாதிரி அடுக்கி, கடை வாசல் பக்கம், பெரிய கண்ணாடி ஜன்னல ஒட்டி வச்சோம். இடம் கெடச்சதுல சூப்பர்வைசருக்கு அவ்ளோ சந்தோஷம், போட்டோ எல்லாம் எடுத்து அனுப்பிச்சாரு. பத்து நாள்ல பாட்டில் திரும்பி வர ஆரம்பிச்சது, நாத்தம் அடிக்குதுன்னு. தொறந்து மோந்து பாத்தேன், ரப்பர் எரிஞ்ச மாதிரி, என்னமோ ஒரு மிருக வாடை. தேதி எல்லாம் சரியா தான் இருந்துச்சு. காரணம் வெயில். பீர்ல கசப்புக்கு போடற ஹாப்ஸ்ங்கற பூவுல இருக்கிற சில சமாச்சாரம் வெளிச்சம் பட்டா கெட்டு அந்த வாடைய குடுக்கும், ப்ரவுன் பாட்டில் ஓரளவு தடுக்கும், பச்சையும் வெள்ளையும் பெருசா தடுக்காது, கேன்ல அந்த பிரச்சனையே இல்ல. ட்ரெய்னிங்ல ஒரே ஒரு வரில சொல்லிட்டு போனது, அன்னிக்கு தான் மண்டைல ஏறுச்சு. திட்டு மட்டும் எனக்கு, கோபுரம் கட்டச் சொன்னவருக்கு இல்ல.

இதெல்லாம் ஜாலியான பக்கம். ஜாலி இல்லாத பக்கம் ஒண்ணு இருக்கு, அது எனக்கு ஒரு கணக்கு போட்டதுல இருந்து ஆரம்பிச்சது. "பீர் தானேம்மா, ஒண்ணும் பண்ணாது"ன்னு தினமும் நாலு பேராவது சொல்லுவாங்க, நானும் சிரிச்சுட்டே ஆமா சார்னு எடுத்துக் குடுப்பேன். ஒரு நாள் கூட்டம் இல்லாத மத்தியானம், சும்மா இருக்கோமேன்னு பாட்டில திருப்பி சதவீதத்த பாத்து ஃபோன்ல பெருக்கிப் பாத்தேன். 330 மில்லி பீர், 5 சதவீதம், சுத்தமான ஆல்கஹால் 16.5 மில்லி. 30 மில்லி விஸ்கி, 40 சதவீதம், அது 12 மில்லி. சின்ன பீரே ஒரு பெக்க விட ஜாஸ்தி. 500 மில்லி ஸ்ட்ராங் கேன், 8 சதவீதம், 40 மில்லி, மூணு பெக்குக்கும் மேல. ஒரே கேன்ல. நான் ரெண்டு தடவ பெருக்கிப் பாத்தேன், தப்பா போட்டுட்டோமோன்னு. இத கஸ்டமர்கிட்ட சொல்லக்கூடாதுன்னு யாரும் சொல்லல, சொல்லச் சொல்லியும் யாரும் சொல்லல.

சொல்லக்கூடாதுன்னு கண்டிப்பா சொன்னது ஒண்ணு இருக்கு. உடம்புக்கு நல்லதுன்னு வாயத் தொறந்து சொல்லவே கூடாது. ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லதாமேன்னு கேக்காத வாரம் இல்ல, அவங்களுக்கு வேண்டியது ஒரு தலையாட்டல் தான், அத குடுத்தா பாட்டில் போயிடும். முதல்ல எல்லாம் நான் ஆட்டல, ஆனா மறுக்கவும் இல்ல, "அப்படி சிலர் சொல்றாங்க சார்"னு நழுவிடுவேன். பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கெடயாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரில சொன்னத படிச்சதுக்கு அப்புறம், அவங்களோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு மதுவ, கேன்சர் வரவைக்கும்னு உறுதியான முதல் பிரிவுல 1988லயே சேத்துட்டாங்கன்னும் தெரிஞ்சதுக்கு அப்புறம், அந்த "சிலர் சொல்றாங்க"வும் வாய்ல வரல. "இல்ல சார், அதுக்காக வாங்காதீங்க, பிடிச்சா வாங்குங்க"ன்னு சொல்ல ஆரம்பிச்சேன். வித்தது ஒண்ணும் பெருசா குறையல, அது இன்னும் கடுப்பா இருந்துச்சு. அவங்க காரணம் தேடிட்டு வரல, பாட்டில தேடிட்டு தான் வந்திருக்காங்க.

கப்புக்கு வர்றேன். ஒரு கப்புல ஊத்தறது 15 மில்லி, 750 மில்லி பாட்டில்ல 50 கப். சாயங்காலம் காலி கப்ப எண்ணணும், வித்த பாட்டில எண்ணணும், ரெண்டையும் ஒரு ஃபார்ம்ல எழுதணும். அந்த ஃபார்ம்ல இன்னொரு கட்டம் இருக்கும், டேஸ்ட் பண்ணியும் ஏன் வாங்கல. அதுக்கு நாலே நாலு பதில்: விலை, சுவை, வேற பிராண்ட், அவசரம். ஒண்ண டிக் பண்ணணும், விட்டா சூப்பர்வைசர் ஃபோன் பண்ணுவாரு.

சின்னப் பசங்களுக்கு கப்பு கிடையாது, அது ஈஸி, முக்கால்வாசி நாட்டுல 18, 20, 21ன்னு ஏதோ ஒரு வயசு சட்டத்துல இருக்கு, கார்டு காட்டுன்னா போயிருவாங்க, சில பேர் முறைப்பாங்க. ஏற்கனவே போதைல வர்றவங்களுக்கும் இல்லன்னு சொல்லிடலாம், செக்யூரிட்டி இருப்பாரு. கஷ்டம் வேற ஒரு ஆளுங்க கிட்ட. அவங்க சத்தம் போட மாட்டாங்க. கடை தொறந்து அஞ்சு நிமிஷத்துல வருவாங்க, நல்லா சட்டை போட்டிருப்பாங்க, குட் மார்னிங்னு சொல்லுவாங்க. கப்ப நீட்டும்போது தான் தெரியும், அவங்க அத ஒரு கைல வாங்க மாட்டாங்க. ரெண்டு கைலயும் புடிப்பாங்க. 15 மில்லி கப்ப ரெண்டு கைலயும்.

முதல் தடவ எனக்கு புரியல, மரியாதைக்கு வாங்கறாருன்னு நெனச்சுட்டேன். அக்கா தான் சொன்னாங்க, அது கை நடுக்கம்டி, உள்ள போனா நின்னுடும்னு. அவங்க சொன்ன மாதிரியே நின்னுச்சு, அவர் ரெண்டு நிமிஷம் ஒயின் ஷெல்ஃப் பக்கம் பாத்துட்டு இருந்துட்டு, திரும்பி வந்து இன்னொரு சுவையும் பாக்கலாமான்னு கேட்டாரு, அப்போ ஒரு கைல தான் வாங்குனாரு. அதுக்கப்புறம் நான் எல்லாரோட கையவும் தான் பாக்க ஆரம்பிச்சேன், மூஞ்சி எல்லாம் அப்புறம் தான்.

என்ன பண்றதுன்னு தெரியல. குடுத்தா நான் தான் குடுத்தேன்னு இருக்கும், குடுக்கலன்னா அவர் உள்ள போய் பாட்டிலே வாங்கிட்டு போவாரு, அதுவும் என் டார்கெட்ல தான் சேரும். நிறுத்துங்கன்னு சொல்ல நான் யாரு, அதுவும் அந்த அளவுக்கு போனவங்க டாக்டர் இல்லாம சட்டுனு நிறுத்துனாலே வலிப்பு வரைக்கும் போகலாமாம், உயிருக்கே ஆபத்தாம், தேடிப் படிச்சேன். படிச்சுட்டு அடுத்த நாள் அதே டேபிள்ல போய் நின்னேன். கடைசில நான் கண்டுபிடிச்சது ரொம்ப கேவலமான ஒரு வழி: அவர் தூரத்துல வர்றப்பவே கப்ப எல்லாம் டேபிளுக்கு அடில எடுத்து வச்சுட்டு, இன்னிக்கு சாம்பிள் இன்னும் வரல சார்னு சொல்லிடுவேன். அவருக்கும் தெரியும், பாட்டில் தொறந்து மேல தான் இருக்கும். பரவால்லம்மான்னு போயிருவாரு. உள்ள தான் போவாரு.

சாயங்காலம் கப்புக் கணக்கு உதைக்கும். தொறந்த பாட்டிலுக்கு 50 கப் போயிருக்கணும்னு சூப்பர்வைசர் எதிர்பாப்பாரு, குடுக்காத கப்புக்கு அந்த ஃபார்ம்ல இடம் இல்ல. அதனால அவங்களையும் டேஸ்ட் பண்ணவங்களா எழுதி, அந்த அளவ சிங்க்ல ஊத்திட்டு, ஏன் வாங்கலங்கற கட்டத்துல சுவைன்னு டிக் பண்ணிடுவேன். விலைன்னு போட்டா ஆஃபர் விடுவாங்க, வேற பிராண்டுன்னா எனக்கு திட்டு விழும், சுவைன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ரெண்டு வருஷத்துக்கும் மேல இப்படியே டிக் பண்ணியிருக்கேன். நான் வேலைய விட்டு கொஞ்ச நாள்ல அந்த விஸ்கி லேபிள மாத்தி, முன்ன விட மென்மையான சுவைன்னு போட்டு வந்துச்சு. அக்கா போட்டோ எடுத்து அனுப்புனாங்க, கீழ சிரிக்கிற பொம்ம ஒண்ணும் போட்டிருந்தாங்க.