சாப்டர் 7 போடும்போது ஊரில் இருப்பதையும் சேர்த்து எழுதுங்கள்

அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் சாப்டர் 7 திவால் மனு போட்டு, கடன் ரத்து உத்தரவும் கையில் வாங்கிவிட்டேன். சாப்டர் 7 என்பது, சட்டம் விலக்கு தரும் சொத்து போக மிச்சம் இருந்தால் அதை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குக் கொடுத்து, மீதிக் கடனை ரத்து செய்யும் வழி. நம் ஆட்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. அதனால் அடுத்து மாட்டுகிறவர் மறுபடி முதலிலிருந்து தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காண்ட்ராக்ட் வேலை போனது, அதோடு இன்ஷூரன்ஸும் போனது. அந்த இடைவெளியில் எனக்கு அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரி பில் ஒரு பக்கம், வாடகைக்கும் மளிகைக்கும் தேய்த்த கிரெடிட் கார்டுகள் மறுபக்கம். அப்புறம் கிடைத்த வேலையில் சம்பளம் குறைவு. வட்டியைக்கூடக் கட்ட முடியவில்லை.

இந்த நிலையில் முதலில் நம்மைத் தேடி வருவது கடனைப் பேசிக் குறைத்துத் தருகிறோம் என்கிற கம்பெனிகள்தான். கடன் கொடுத்தவர் ஒத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. பேச்சு நடக்கும்போதே உங்கள் மேல் வழக்கும் போடலாம். குறைத்த தொகையை வருமானமாகக் கணக்குக் காட்டி வரி கட்ட வேண்டிவரலாம். திவாலில் ரத்தான கடனுக்கு அந்த வரி இல்லை. 401கே என்கிற ஓய்வுக்காலச் சேமிப்பை உடைத்துக் கார்டுக்குக் கட்டச் சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தச் சேமிப்பைத் திவால் சட்டமே தொடுவதில்லை.

சாப்டர் 13 என்றால் 3 முதல் 5 வருடம் தவணை கட்ட வேண்டும். வீட்டுக் கடன் பாக்கி விழுந்து, வீட்டைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு அது உதவும். நான் வாடகை வீட்டில் இருந்தேன், சாப்டர் 7 போதுமாக இருந்தது. அதற்கு வருமானத் தகுதி பார்க்கிறார்கள்: மனுவுக்கு முந்தைய 6 மாத வருமானத்தின் சராசரியை, உங்கள் மாநிலத்தில் அதே அளவு குடும்பத்தின் இடைநிலை வருமானத்தோடு ஒப்பிடுவார்கள். அதற்குக் கீழே இருந்தால் இந்தக் கட்டத்தில் சிக்கல் இல்லை. மேலே இருந்தால் இன்னொரு கணக்கு இருக்கிறது, கதவு உடனே சாத்தப்படுவதில்லை. மனுவுக்கு முந்தைய 180 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பிடம் கடன் ஆலோசனை வகுப்பு ஒன்றை முடிக்க வேண்டும், ஆன்லைனிலேயே முடியும். கோர்ட் கட்டணம் 338 டாலர், தவணையிலும் கட்டலாம். வக்கீல் கட்டணம் தனி, பெரும்பாலும் முன்கூட்டியே கேட்பார்கள்.

இனி முக்கியமான விஷயம். மனுவில் உங்கள் சொத்து எல்லாவற்றையும் எழுத வேண்டும், அது உலகத்தில் எங்கே இருந்தாலும். என்.ஆர்.ஓ. கணக்கு (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியாவில் வைத்திருக்கும் வங்கிக் கணக்கு), எல்.ஐ.சி. பாலிசியின் சரண்டர் மதிப்பு, ஊரில் போட்ட சீட்டு, அம்மாவோடு சேர்த்து வைத்திருக்கும் ஜாயின்ட் அக்கவுன்ட், எல்லாம்தான்.

என் விஷயத்தில் அது நிலம். அப்பா உயில் எழுதாமல் இறந்தவர். மன்னார்குடி பக்கம் அவர் சம்பாதித்து வாங்கிய ஒன்றரை ஏக்கர் நஞ்சையும் ஓர் ஓட்டு வீடும் இருக்கின்றன. பட்டா இன்றும் அவர் பெயரில்தான். "இந்தியாவில் உங்கள் பெயரில் சொத்து இருக்கிறதா?" என்று வக்கீல் கேட்டார். இல்லை என்றேன். அவர் விடவில்லை. "பெற்றோரில் யாராவது இறந்துவிட்டார்களா? அவர் பெயரில் என்ன இருந்தது?" என்று கேட்டார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் அப்பா இறந்த அன்றே அம்மா, நான், தங்கை மூவருக்கும் சம பங்கு வந்துவிட்டது. பட்டா மாற்றாததால் அந்தப் பங்கு இல்லாமல் போய்விடாது. மூன்றில் ஒரு பங்கு என் சொத்து, எழுதியே ஆக வேண்டும். தங்கையிடம் சொல்லி வழிகாட்டி மதிப்பையும், பக்கத்து வயல் விலைபோன தொகையையும் வாங்கிக் கொடுத்தேன்.

எழுதினால் நிலம் போய்விடுமே என்றுதான் எல்லோரும் பயப்படுகிறோம். ஆனால் குறிப்பிட்ட மதிப்பு வரை சொத்தை நீங்களே வைத்துக்கொள்ளச் சட்டம் விலக்கு தருகிறது. நியூ ஜெர்சியில் மாநில விலக்குப் பட்டியல், ஃபெடரல் பட்டியல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பல மாநிலங்களில் அந்த வசதி இல்லை. ஃபெடரல் பட்டியலில், சொந்த வீட்டுக்கான விலக்கு உங்களுக்குப் பயன்படவில்லை என்றால் அதில் ஒரு பகுதியை வேறு சொத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். என் பங்கு அதற்குள் அடங்கிவிட்டது. மறைத்திருந்தால் கடன் ரத்தாவது நின்றுபோகும், தவிர அது 5 வருடம் வரை சிறை கிடைக்கக்கூடிய ஃபெடரல் குற்றம். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: மனு போட்ட பிறகு 180 நாளுக்குள் வாரிசுரிமையில் ஏதாவது வந்தாலும் அதுவும் கணக்கில் சேரும்.

நகை விஷயம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இங்கே நான் மட்டும் மனு போட்டதால், மனைவியின் சொந்த நகை என் கணக்கில் வரவில்லை. டெக்ஸாஸ், கலிஃபோர்னியா போன்ற இடங்களில் திருமணத்துக்குப் பின் சேர்ந்தது இருவருக்கும் பொது என்பதால், உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.

அப்புறம் கைமாற்று. மனைவியின் தம்பி அந்த மோசமான மாதங்களில் கொஞ்சம் பணம் கொடுத்திருந்தான். கார்டுக்காரன் போகட்டும், அவனுக்கு முதலில் கொடுத்துவிடலாம் என்றாள் மனைவி. எனக்கும் அதுதான் மனதில் இருந்தது. வக்கீல் தடுத்துவிட்டார். மனுவுக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் உறவினருக்குத் திருப்பிக் கொடுத்த கடனை டிரஸ்டி (உங்கள் கேஸையும் சொத்தையும் கவனிக்க நியமிக்கப்படுபவர்) அந்த உறவினரிடமிருந்தே வசூலிக்க முடியும். உதவி செய்த பையன் மேல் வழக்குப் போகும். அவன் பெயரையும் கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் எழுத வேண்டும், அவனுக்கும் கோர்ட் நோட்டீஸ் போகும். முன்னாலேயே போன் செய்து சொன்னேன். "எழுதுங்க அத்தான், நோட்டீஸ் வந்தா வந்துட்டுப் போகுது" என்றான். கடன் ரத்தான பிறகு நாமே விரும்பித் திருப்பிக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. இப்போது மாதாமாதம் அவனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

மனு கோர்ட்டில் பதிவான நிமிடமே வசூல் நடவடிக்கைகள் நிற்க வேண்டும். போன், கடிதம், வழக்கு, சம்பளப் பிடித்தம் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். அதற்குப் பிறகும் ஒரு வசூல் ஏஜென்சி கூப்பிட்டது. கேஸ் நம்பரைச் சொன்னதோடு நின்றது.

மனு போட்ட பிறகு டிரஸ்டியுடன் ஒரு கூட்டம் உண்டு, அதில் நீதிபதி இருக்க மாட்டார். இப்போது ஜூமில்தான் நடக்கிறது. அடையாள அட்டையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கான ஆதாரமும் வேண்டும், உறுதிமொழி எடுக்க வேண்டும். என் முறைக்கு முன் வேறு சிலரை விசாரித்ததைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவருக்கும் சில நிமிடம்தான். மனுவை முழுக்கப் படித்துக் கையெழுத்திட்டீர்களா, எல்லாச் சொத்தும் இதில் உண்டா, உங்களுக்கு யாராவது பணம் தரவேண்டுமா என்று கேட்டார். பிறகு நிலத்துக்கு வந்தார்: யார் பயிரிடுகிறார்கள், குத்தகைப் பணம் யாருக்குப் போகிறது, மதிப்பை எப்படிக் கணக்கிட்டீர்கள்? எல்லாமே மனுவில் இருந்ததால் நிதானமாகச் சொல்ல முடிந்தது. கடன் கொடுத்தவர்களும் வந்து கேள்வி கேட்கலாம், எனக்கு யாரும் வரவில்லை.

குழந்தைப் பராமரிப்புத் தொகை, சமீபத்திய வருமான வரி பாக்கி, ஏமாற்றி வாங்கிய கடன் இவையெல்லாம் ரத்தாகாது. படிப்புக் கடனுக்குத் தனியாக வழக்காட வேண்டும், வெல்வது கஷ்டம். உங்களுக்காக நண்பர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், உங்கள் சாப்டர் 7 அவரைக் காப்பாற்றாது; மனுவுக்கு முன்பே அவரிடம் பேசிவிடுங்கள். கிரீன் கார்டு பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். கடனை அடைக்க முடியாமல் மனு போடுவது குற்றமல்ல, அதற்காக மட்டும் கிரீன் கார்டு போகாது. இதற்காக மட்டும் வேலையை விட்டு நீக்குவதும் சட்டவிரோதம். ஆனால் புதிதாக வேலைக்கு எடுக்கும்போது தனியார் கம்பெனிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்குப் பிறகு பண நிர்வாக வகுப்பு ஒன்று உண்டு. அதன் சான்றிதழ் கோர்ட்டுக்குப் போகாவிட்டால் ரத்து உத்தரவே வராமல் கேஸ் மூடிவிடும். கடன் ரத்தை யாராவது ஆட்சேபிக்க, கூட்டத்துக்கு முதலில் குறித்த தேதியிலிருந்து 60 நாள் அவகாசம் உண்டு. அது முடிந்து கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. கிரெடிட் அறிக்கையில் திவால் 10 வருடம் வரை இருக்கலாம். மறுபடி சாப்டர் 7இல் கடன் ரத்து கிடைக்க, முந்தைய மனுவுக்கும் புதிய மனுவுக்கும் 8 வருட இடைவெளி வேண்டும்.

உத்தரவின் நகலைப் பத்திரமாக வையுங்கள். ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்கிற மூன்று கம்பெனிகளின் கிரெடிட் அறிக்கைகளையும் எடுத்து, ரத்தான ஒவ்வொரு கணக்கிலும் பாக்கி பூஜ்யம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு ஒரு கணக்கில் பழைய பாக்கி அப்படியே நின்றது. நகலை இணைத்துத் திருத்தச் சொல்லி எழுதினேன், திருத்திவிட்டார்கள்.