ஹைஏஸ் வானுக்கு 3எல் எஞ்சின்: இறக்கும் முன் பார்த்தவை

எங்கள் பழைய டொயோட்டா ஹைஏஸில் இருந்தது 2எல் என்ற மாடல் டீசல் எஞ்சின், 2446 சிசி. மாற்றுக்கு எடுத்தது 3எல், 2779 சிசி. ஒரே குடும்பம் என்பதால் கியர் பொக்ஸில் கைவைக்கத் தேவையில்லை. ஆனால் கொழும்பில் பழைய வாகன பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் 3எல் கேட்டால் ஹைலக்ஸ் பிக்கப்பில் கழற்றியதும் வரும். அதன் சம்ப் (அடியிலுள்ள ஒயில் தொட்டி), ஒயில் ஸ்ட்ரெய்னர், எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் பிராக்கெட் வானுக்கு ஒத்துவராமல் போகலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு முடியும்வரை பழைய எஞ்சினை இரும்புக்குக் கொடுக்கவே கூடாது.

கடையில் ஸ்டார்ட் செய்து காட்டுவது போதாது. ஹீட்டர் பிளக்குகளை (குளிரில் ஸ்டார்ட்டாக சூடேற்றுபவை) கழற்றி, அந்தத் துளையில் டீசல் எஞ்சினுக்கான கம்ப்ரெஷன் கேஜ் பூட்டி நான்கு சிலிண்டரின் அழுத்தத்தையும் பாருங்கள். நல்ல எஞ்சின் 450 பிஎஸ்ஐ அளவில் காட்டும். 284க்குக் கீழே இறங்கினாலோ, சிலிண்டர்களுக்கிடையே 71க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ வேண்டாம். பெட்ரோல் கேஜ் இந்த அழுத்தத்துக்குச் சரிவராது.

பணம் கொடுக்குமுன் புளொக்கில் அடித்திருக்கும் எண்ணை பில்லோடும் சுங்கப் பத்திரத்தோடும் ஒப்பிட்டுப் படமெடுங்கள். பூட்டியபின் அந்த இடம் கண்ணுக்கு எட்டாது. நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எண்ணும் சிசியும் பதிவுப் புத்தகத்தில் மாற வேண்டும். லீசிங் இருந்தால் கம்பனியின் சம்மதக் கடிதத்தை முன்கூட்டியே கேட்டு வைக்கவும். காப்புறுதிக்கும் அறிவிக்கவும்.

எஞ்சின் தரையில் இருக்கும்போதே டைமிங் பெல்ட், ஐட்லர் பெயரிங், வொட்டர் பம்ப், தேர்மோஸ்டாட், பின் கிராங்க் சீல், கிளச் தட்டு, ரிலீஸ் பெயரிங் எல்லாம் புதிதாகப் போட்டுவிடுவதே நல்லது. கொஞ்சக் காசு மிச்சம்பிடிக்கப் பழைய சீலை விட்டால், ஒயில் கிளச்சில் இறங்கி, கியர் பொக்ஸை மறுபடி கழற்ற வேண்டிவரும். ஹீட்டர் பிளக்கின் வோல்ட்டையும் வானின் ரிலேயோடு பொருத்திப் பாருங்கள். 6 வோல்ட் பிளக்குக்கு நேரே 12 வோல்ட் போனால் எரிந்துவிடும்.

ரேடியேட்டரைத் திறந்து குழாய்களைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். மருதானை, பொரளை நெரிசலில் ஊரும் வானில் ஹெட் வெடிப்பது பெரும்பாலும் சூட்டால்தான். ஃபேன் கிளச் வழுக்கினால் அதையும் மாற்றுங்கள்.

ஒல்டர்னேட்டரின் பின்னாலுள்ள, பிரேக்குக்கு உதவும் வக்யூம் பம்ப்பைப் பலர் கவனிப்பதில்லை. அதன் ஒயில் ஹோஸ் அடைத்திருந்தால் பம்ப் தேய்ந்து, பிரேக் கல்லாக இறுகும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன், டீசல் பம்ப்பில் டீசலை நிறுத்தும் சொலினொயிட்டின் வயரைக் கழற்றி, ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்றுங்கள். பிறகு வயரைப் பூட்டி, ஃபில்டர் ஹேண்ட் பம்ப்பால் டீசல் ஏற்றி, இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்திக் காற்றெடுக்கலாம்.