ஜப்பானியத் தேர்வில் வளமும் செல்வமும்: ஒரு சொற்குழுவைப் படித்த முறை

ஜே.எல்.பி.டி. எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் என்2, என்1 என்ற மிக உயர்ந்த இரு நிலைகளில் சிரமம் தருபவை அரிய சொற்களைவிட, ஏறத்தாழ ஒரே பொருள் தரும் சொற்களே. செல்வம், செழிப்பு தொடர்பான சொற்கள் அவற்றுள் நல்ல எடுத்துக்காட்டு. யுதக, ஹோஃபு, யூஃபுகு, தொமு ஆகிய நான்குக்கும் அகராதியில் 'வளமான', 'செல்வம் மிகுந்த' என்ற பொருளே திரும்பத் திரும்ப வரும். ஒரு சொல்லை நான்கு வாக்கியங்களில் வைத்து, எந்த வாக்கியத்தில் அது சரியாகப் பயன்பட்டிருக்கிறது என்று கேட்கும் வினாவுக்கு அந்தப் பொருள் மட்டும் போதாது. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் அதனோடு வழக்கமாகச் சேரும் பெயர்ச்சொல், இடைச்சொல் ஆகியவற்றுடன் சேர்த்தே குறித்துவைத்தேன்.

இவற்றுள் யுதகவின் பரப்பே மிகப் பெரியது. தமிழில் மண்ணையும் கற்பனையையும் வளமானவை என்று சொல்வதுபோல, யுதகவும் இயற்கை, நாடு, வாழ்க்கை, மனம் என எல்லாவற்றோடும் சேரும். அதைவிட முக்கியமாக, இடைச்சொல் எதுவும் இல்லாமல் பெயர்ச்சொல்லை ஒட்டியும் அது வரும். 'கொசெய் யுதக' என்றால் தனித்தன்மை மிக்க, 'ஹ்யோஜோ யுதக' என்றால் முகபாவம் நிறைந்த என்று பொருள். வாசிப்புப் பகுதிகளில் இவ்வடிவத்தைக் காணும்போது, இடைச்சொல் விடுபட்டுவிட்டதோ என்று தயங்க வேண்டியதில்லை.

ஹோஃபு அளவும் வகையும் நிறைந்திருப்பதைக் காட்டும். அனுபவம், அறிவு, கனிவளம், கடையில் உள்ள சரக்கு ஆகியவற்றுக்கு அது பொருந்தும்; மனநிறைவைச் சொல்ல யுதகதான் வேண்டும். யூஃபுகு பணவசதியை மட்டுமே குறிப்பதால் பெரும்பாலும் குடும்பம், வீடு, மனிதர், வாழ்க்கை போன்றவற்றோடு வரும். பேச்சில் அதிகம் கேட்கும் கனெமொச்சி (பணக்காரர்) என்ற சொல்லை ஒருவரைப் பார்த்து நேரடியாகச் சொல்வது அவ்வளவு நாகரிகமாக இருக்காது. கட்டுரை நடைக்கும் யூஃபுகுவே ஏற்றது.

தொமு ஒரு வினைச்சொல். அதற்கு முன் 'நி' என்ற இடைச்சொல் வரும். பெயர்ச்சொல்லுக்கு முன் பெரும்பாலும் 'தொண்ட' என்ற இறந்தகால வடிவில் நின்று, 'ஹென்க நி தொண்ட' (மாற்றங்கள் நிறைந்த), 'கிஃபுகு நி தொண்ட' (மேடுபள்ளங்கள் மிகுந்த) என்பனபோல் எழுத்து நடையில் காணப்படும். மெகுமரெருவும் 'நி'யையே ஏற்கும். ஆனால் அதில் வாய்க்கப்பெற்றது, அருளப்பெற்றது என்ற உணர்வு உண்டு. நல்ல வானிலை, பிறவித் திறமை, பிள்ளைப்பேறு ஆகியவற்றுக்கு அதுவே இயல்பான சொல்.

எதிர்ச்சொற்களையும் உடன் படித்தால் எல்லைகள் இன்னும் தெளிவாகும். யுதக, யூஃபுகு ஆகியவற்றுக்கு மஸுஷீ (ஏழ்மையான) எதிர்ச்சொல், ஹோஃபுவுக்குத் தொபொஷீ (குறைவான). ஜப்பானைப் பற்றிய பொருளாதாரக் கட்டுரைகளில் 'ஷிகென் நி தொபொஷீ குனி', அதாவது இயற்கை வளம் குறைந்த நாடு, என்ற தொடர் அடிக்கடி வரும். ஜெய்தகு (ஆடம்பரம்) சற்று விலகி நிற்கும் சொல். 'ஆடம்பரம் எதிரி' என்பது 1940இல் எழுந்த போர்க்காலக் கோஷம். இன்றோ அதே சொல்லை, நிதானமாகக் கழித்த ஓர் இனிய பொழுதைப் பாராட்டவும் பயன்படுத்துகிறார்கள். சூழலைப் பார்க்காமல் அதைக் கண்டிப்பு என்றோ பாராட்டு என்றோ முடிவுகட்ட முடியாது.

காஞ்சி எனப்படும், சீனத்திலிருந்து வந்த எழுத்துகளில் இரண்டை நன்றாகப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். யுதகவின் எழுத்தும் தொமுவின் எழுத்தும் சேர்ந்ததே ஹோஃபு. முதல் எழுத்து, 1959 வரை கொரொமொ என்று வழங்கிய தொயோத்தா நகரின் இன்றைய பெயரில் இருக்கிறது. இரண்டாவது தொயாமா, ஃபுஜி ஆகிய பெயர்களில் இருக்கிறது. உச்சரிப்பு வினாக்களில் நெடில் எங்கே விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்: ஹோஃபுவில் 'ஹோ' மட்டும் நெடில், 'ஃபு' குறில். புத்தாண்டில் எடுத்துக்கொள்ளும் உறுதியைக் குறிக்கும் வேறொரு சொல்லும் இதே ஒலியுடையது என்பதால், கேட்டல் பகுதியில் முன்பின் சொற்களைக் கொண்டே பிரித்தறிய வேண்டும்.

என்1இல் சொல், இலக்கணம், வாசிப்பு மூன்றுக்கும் சேர்த்து 110 நிமிடங்களே கிடைக்கின்றன. சொல் வினாக்களில் மிச்சப்படுத்தும் நேரம் முழுவதும் நீண்ட பத்திகளுக்குப் போய்ச் சேரும் என்பதால், 'நி தொண்ட', 'கா ஹோஃபு' ('கா' எழுவாயைக் காட்டும் இடைச்சொல்) என்று இடைச்சொல்லோடு சேர்த்தே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். இடைச்சொல்லைக் கண்டதுமே பொருந்தாத இரண்டு விடைகளையாவது ஒதுக்கிவிடலாம்.