வியர்க்கிற தோல், சிலிர்க்கிற தோல்: தங்கச்சியின் செயற்றிட்டம்

தங்கச்சி தரம் 11. விஞ்ஞானச் செயற்றிட்டத்துக்கு அவளுக்கு விழுந்த தலைப்பு மனிதத் தோல். இந்தத் தலைப்புக்கு எல்லாரும் செய்வது ஒன்றுதான். ரிஜிஃபோமை வெட்டி, மூன்று நிறம் பூசி, குண்டூசியில் பெயர்த் துண்டு குத்திக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அப்படிப்பட்டவை ஆய்வுகூட அலுமாரிக்கு மேலே வருடக்கணக்கில் தூசி பிடித்துக் கிடக்கின்றனவாம். இந்த முறை மிஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், மாதிரியுரு வேலை செய்து காட்ட வேண்டும் என்று. "அண்ணா, தோல் என்னத்த வேலை செய்யும்? சும்மா ஒட்டிக்கிட்டுத்தானே இருக்கு" என்றாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் எங்கள் லயத்து வீட்டு முன்வாசல் முழுக்கக் குழாயும் ஸ்பொஞ்சுமாகக் கிடந்தது.

நான் ஹட்டன் டவுனில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். அதனால் என் புத்தி முதலில் சேலைன் செட் பக்கம்தான் போனது. திகதி கடந்து ஒதுக்கி வைத்த செட்டுகள் சிலவற்றை முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டுக் குழாயை மட்டும் எடுத்தோம். அந்தக் குழாயில் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது, உருட்டினால் துளி கூடும், குறையும். கடைசியில் எங்கள் முழுத் தோலும் ஓடியது அந்தச் சில்லில்தான்.

தோல் என்னென்ன செய்கிறது என்று எழுதிப் பார்த்தால் பட்டியல் நீளும். கிருமியைத் தடுக்கிறது, தண்ணீர் வெளியேறாமல் காக்கிறது, தொடுகை உணர்கிறது, வெயிலில் விற்றமின் டி உண்டாக்குகிறது, உடம்பின் சூட்டைச் சீராக்குகிறது. இதெல்லாம் ஒரே பெட்டிக்குள் காட்டப் போனால் ஒன்றும் உருப்படாது. சூட்டை மட்டும் எடுப்போம் என்று முடிவு செய்தோம். கடல்மட்டத்துக்கு 1,200 மீற்றருக்கு மேலே, வருடத்தில் பாதி நாள் பனியிலும் தூறலிலும் இருக்கிற எங்களுக்கு அதைவிடப் பொருத்தமான விசயம் என்ன இருக்கிறது?

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடியில் பழைய மெத்தை ஸ்பொஞ்ச், மஞ்சள் நிறம், அது தோலுக்குக் கீழே உள்ள கொழுப்பு. அதற்கு மேலே இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றிய ஸ்பொஞ்ச், அது உட்டோல். ஆக மேலே மெல்லிய வெள்ளைத் துணி, அது மேற்றோல். படம் வரைகிறவர்கள் மேற்றோலையும் உட்டோலையும் கிட்டத்தட்ட ஒரே தடிப்பில் போட்டுவிடுகிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. உடம்பின் பெரும்பாலான இடங்களில் மேற்றோல் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர்தான், உட்டோல் அதைவிடப் பத்து மடங்கோ அதற்கு மேலேயோ தடிப்பு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் மேற்றோல் நன்றாகத் தடித்திருக்கும், அங்கே மயிரும் இல்லை, நெய்ச்சுரப்பியும் இல்லை. அம்மா இருபது வருடத்துக்கு மேலாகக் கொழுந்து எடுக்கிறவர். அவருடைய ஆட்காட்டி விரலைப் பார்த்தால் போதும், உராய உராய மேற்றோல் எப்படித் தடிக்கும் என்பதற்குப் புத்தகம் வேண்டாம்.

வியர்வைச் சுரப்பி செய்ததுதான் எனக்குப் பிடித்த வேலை. உண்மையான சுரப்பி உட்டோலின் ஆழத்தில் சுருண்டு கிடக்கும் ஒரு குழாய், அதன் கான் மேலே வந்து தோலின் மேற்பரப்பில் திறக்கும். ஒரு மனிதனுக்கு இப்படி 20 முதல் 40 இலட்சம் வரை இருக்கிறது. சேலைன் குழாயைப் பென்சிலில் நெருக்கமாகச் சுற்றி, நுனியைச் சலோடேப்பால் ஒட்டி, சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு உடனே பச்சைத் தண்ணீருக்குள் போட்டோம். பென்சிலை உருவினால் குழாய் அந்தச் சுருளிலேயே நிற்கிறது. தங்கச்சி அதை விரலால் இழுத்து இழுத்து விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சுருளை ஸ்பொஞ்சுக்குள் புதைத்து, நுனியைத் துணி வழியாக மேலே எடுத்து, மறுபக்கத்தைத் தொங்கவிட்ட போத்தலில் சொருகினோம். சில்லைத் திறந்தால் துணிமேல் ஒரு முத்து வரும், பரவும், அடுத்தது வரும். பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளைகள் எல்லாம் வந்து "வேர்க்குது, வேர்க்குது" என்று ஒரே கூத்து.

குருதிக் குழாய் விசயத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. சூடானால் குருதிக் குழாய்கள் தோலின் மேற்பரப்புக்கு நகர்ந்து வரும், குளிர்ந்தால் உள்ளே போகும் என்று பலபேர் நினைக்கிறார்கள். குழாய் எங்கேயும் நகர்வதில்லை. மேலே குருதியைக் கொண்டுபோகும் சின்ன நாடிகள் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். விரிந்தால் மேற்பரப்புக்குக் கூடுதலான குருதி போய்ச் சூட்டை வெளியே விடும், சுருங்கினால் குருதி உள்ளேயே நிற்கும். இதைக் காட்ட மீன் தொட்டிக்கு விற்கிற 'T' வடிவ இணைப்பு (டீ) ஒன்றை வாங்கிக் குழாயை இரண்டாகப் பிரித்தோம். ஒரு கிளை துணிக்குக் கீழே வளைந்து வளைந்து ஓடுகிறது, மற்றது கொழுப்புக்குக் கிட்ட ஆழத்தில் போகிறது. மேல் கிளைக்கு மட்டும் சில்லு. குழாய் டீயில் ஏறாமல் அடம்பிடிக்கும், நுனியைச் சுடுநீரில் பிடித்தால் இளகி ஏறிவிடும். அடி வெட்டிய சோடாப் போத்தலைத் தலைகீழாகக் கட்டி அதில் சிவப்புச் சாயம் கலந்த சூடான தண்ணீர். அதுதான் எங்கள் இதயம், மோட்டர் கீட்டர் எதுவும் இல்லை. கீழே ஒரு பேசின், நிரம்பினால் எடுத்துத் திரும்ப மேலே ஊற்ற வேண்டியதுதான். சில்லைத் திறந்துவிட்டுத் துணிமேல் கை வைத்தால் கொஞ்ச நேரத்தில் உள்ளங்கையில் சூடு தெரியும். மூடினால் குறைந்துவிடும். பார்க்க வருகிறவர்களுக்கு அதைவிட விளக்கம் தேவைப்படவில்லை.

சரி, இனித்தான் சிக்கல். வியர்வை உடம்பைக் குளிர்விக்கிறது என்பதை அளந்து காட்ட வேண்டும். புத்தகத்தில் இருக்கிறபடி வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி வைத்தோம். வெளியே மழைப்பனி கதவு வரைக்கும் வந்து நின்ற நாள் அது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியும் சும்மா இருந்த வெப்பமானியும் ஒன்றையே காட்டின. விசிறியால் வீசியும் ஒன்றும் இறங்கவில்லை. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ நல்ல வெயில் நாளில் செய்திருந்தால் இறங்கியிருக்கும். இங்கே காற்று ஏற்கெனவே நீராவியால் நிரம்பி இருக்கிறது, துணியில் உள்ள தண்ணீர் ஆவியாகப் போக இடமே இல்லை. தங்கச்சி முகம் தொங்கிவிட்டது.

அம்மா அடுப்படியில் இருந்தபடியே ஒன்று சொன்னார். "பனிக்குள்ள கொழுந்து எடுத்தாலும் எங்களுக்கு வேர்க்கத்தான் செய்யுது. மூட்டைய தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறுனா முதுகுல இருந்து ஆவி பறக்கும். நின்னாத்தான் நடுங்கும்." அவர் சொல்லச் சொல்ல எனக்குப் புரிந்தது. அம்மாவின் முதுகு வெளிக்காற்றைப் போல 16 பாகையில் இல்லை, உள்ளே 37 பாகை. சூடான ஈரத்தில் இருந்து குளிர்ந்த காற்றுக்கு ஆவி தாராளமாகப் போகும், அந்தக் காற்று பனியாகவே இருந்தாலும். வெறும் வெப்பமானிக்குள் சூடு இல்லை, அதனால்தான் அது அசையவில்லை. சூடு இல்லாத தோலை வைத்து வியர்வையைக் காட்ட முடியாது.

உடனே இரண்டு பால்மா டின்னைக் கழுவி எடுத்தோம். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர், இரண்டும் 38 பாகை. இரண்டையும் ஒரே மாதிரித் துணியால் சுற்றினோம், ஒன்றின் துணி காய்ந்தது, மற்றதன் துணியை அதே 38 பாகைத் தண்ணீரில் தோய்த்துப் பிழிந்தது. இந்தக் கடைசி விசயம் முக்கியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். கால் மணித்தியாலம் போனபோது காய்ந்த டின் மூன்று நான்கு பாகைதான் இறங்கியிருந்தது, ஈர டின் பத்துக்குக் கிட்ட இறங்கிவிட்டது. அதுவும் அதே பனியில். ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2,400 யூல் சூட்டைத் தோலில் இருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது, அதனால்தான் இந்த வித்தியாசம். சொட்டிக் கீழே விழுகிற வியர்வை இதில் எதையும் செய்வதில்லை, ஆவியாகிறதுதான் கணக்கு. மழையில் நனைந்த உடுப்போடு படங்கு கட்டிக்கொண்டு நிற்கிறவர்களுக்கு வேலை நின்றதும் ஏன் அப்படிக் குளிர்கிறது என்பதும் இதே கணக்குத்தான்.

வெப்பமானி பற்றி இரண்டு வார்த்தை. காய்ச்சல் பார்க்கிற பாதரச வெப்பமானி இதற்கு உதவாது. அது ஏறிய இடத்திலேயே நிற்கும், உதறினால்தான் இறங்கும், ஆகவே குளிர்வதை அதில் பார்க்க முடியாது. ஆய்வுகூட வெப்பமானியைக் கேட்டு வாங்குங்கள். அது சரியாகக் காட்டுகிறதா என்று கொதிக்கிற தண்ணீரில் வைத்துப் பார்த்துவிட்டு 100 வரவில்லையே என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், எங்கள் உயரத்தில் தண்ணீர் 96 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும்.

மயிர் சிலிர்ப்பதைக் காட்ட தும்புத்தடியில் இருந்து நார் பிடுங்கி எடுத்தோம். ஒவ்வொரு நாரையும் ஒரு துண்டு ஸ்ட்ரோவுக்குள் செருகி, அதை ஸ்பொஞ்சுக்குள் சாய்வாக இறக்கி, ஸ்ட்ரோவின் அடிப்பக்கத்தில் நூல் கட்டினோம். அந்த நூல்தான் மயிர் நிறுத்தித் தசை. எந்தப் பக்கம் கட்டுவது என்பதில் கவனம் வேண்டும். மயிர் வெளியே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, தசை அந்தப் பக்கத்தில் இருக்கிறது. அது சுருங்கும்போது மயிரின் அடியைத் தன் பக்கம் இழுக்கும், மேலே உள்ள பகுதி நிமிரும். மறுபக்கம் கட்டினால் நார் இன்னும் படுத்துவிடும். எல்லா நூலையும் ஒரு ஐஸ்கிறீம் குச்சியில் சேர்த்துக் கட்டி, குச்சியை இழுத்தால் அத்தனை நாரும் ஒன்றாக எழும்பும். நாய்க்கும் பூனைக்கும் இப்படி மயிர் எழும்பினால் இடையில் காற்று தங்கிக் குளிர் தாங்கும். நமக்கு அவ்வளவு மயிர் இல்லாததால் புல்லரிப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கண்காட்சி அன்று பேசவேண்டியதை முழுக்கத் தங்கச்சிதான் பேசினாள், நான் பின்னால் நின்று சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பார்க்க வந்த ஒரு சேர் நல்ல கேள்வி கேட்டார். "பச்சைத் தண்ணி ஊத்தினா எதுவும்தானே குளிரும், இதில் வியர்வைக்கு என்ன பெருமை?" அதற்காகத்தான் துணியை அதே சூட்டுத் தண்ணீரில் தோய்த்தது. அவள் வெப்பமானியைக் கையில் எடுத்துக் காட்டிச் சொன்னதும் அவர் தலையை ஆட்டிவிட்டு, அடுத்ததாக மேற்றோலில் ஏன் சிவப்புக் குழாய் ஒன்றும் ஓடவில்லை என்று கேட்டார். மேற்றோலில் குருதிக் குழாய் இல்லை, கீழே உட்டோலில் இருந்துதான் அதற்குப் போசணை ஊறிவருகிறது என்று சொல்லிவிட்டு, "கையில் மேல்தோல் லேசா உரிஞ்சா இரத்தம் வராது சேர், ஆனா அட்டை கடிச்சா வரும், அது உட்டோல் வரைக்கும் போயிடும்" என்றாள். சுற்றி நின்ற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் குனிந்து கணுக்காலைப் பார்த்தார்கள். அட்டை குருதி உறையாமல் ஒரு பொருளை விடுகிறது, அதனால்தான் அது விழுந்த பிறகும் வடிந்துகொண்டே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னாள், அது நான் சொல்லிக் கொடுத்தது இல்லை.

மேசைக்கு ஆட்களை நிறுத்தி வைத்தது என்னவோ ஒரு பேப்பர் கிளிப். அதை விரித்து இரண்டு முனையையும் பக்கம் பக்கமாக வைத்து, கண்ணை மூடச் சொல்லி விரல் நுனியில் தொட்டால் இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளியிலேயே இரண்டு முனை என்று தெரிந்துவிடும். முதுகில் நாலு சென்ரிமீற்றர் அளவுக்கு அகட்டினால்தான் தெரியும். சேர்மாரும் வரிசையில் நின்றார்கள். மாதிரியுருவுக்கும் இதற்கும் சம்பந்தம் கம்மிதான், ஆனால் கூட்டம் இருக்கும் மேசைக்குத்தான் புள்ளி போடுகிறவர்களும் வருகிறார்கள்.

இதை யாராவது செய்யப் போகிறீர்கள் என்றால், தைக்கிற நூல் வேண்டாம். ஈரம் பட்டதும் ஊறி ஸ்பொஞ்சில் சிக்கி இழுபடாமல் நின்றுவிடுகிறது. மீன்பிடிக்கிற நைலோன் நூல் போடுங்கள். சாயத்தைக் குறைவாகக் கலக்குங்கள், குழாய் கசிந்தால் அந்தச் சிவப்பு வெள்ளைச் சீருடையில் இருந்து போகவே போகாது. அப்புறம், முடிந்த அன்றைக்கே ஸ்பொஞ்சைப் பிழிந்து அடுப்புக்கு மேலே கட்டிக் காயப் போடுங்கள், எங்கள் பக்கத்து ஈரத்தில் இரண்டு நாள் விட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்.